வீட்டுச் சுவரில் வீனஸும் பாக்கஸும்: மறுமலர்ச்சிக் கால ஓவியங்களின் அச்சுப் பிரதியை வாங்கும் முன் அறிய வேண்டியவை

கடலலையின் மீது சிப்பியில் நின்றபடி கரை சேரும் வீனஸ், ஆரஞ்சு மரங்களின் நிழலில் வசந்தத்தை வரவேற்கும் தேவதையர், சிவிங்கிப்புலிகள் இழுக்கும் தேரிலிருந்து தாவி இறங்கும் பாக்கஸ் என, இத்தாலிய மறுமலர்ச்சிக் கால ஓவியர்கள் தீட்டிய கிரேக்க, ரோமானியப் புராணக் காட்சிகள் இன்று இந்திய வீடுகளிலும் அச்சுப் பிரதிகளாக இடம்பெறுகின்றன. இணைய வணிகத் தளங்களில் ஒரே ஓவியத்தின் பிரதி சில நூறு ரூபாய்க்கும் கிடைக்கிறது. பல ஆயிரம் ரூபாய்க்கும் கிடைக்கிறது.

இந்த விலை வேறுபாடு எதனால்? 500 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஓவியரின் படைப்பை யார் வேண்டுமானாலும் அச்சிட்டு விற்கலாமா? நாம் வாங்கும் பிரதியில் மூல ஓவியம் முழுமையாக இருக்கிறதா? வாங்குவோர் பலரும் கேட்கத் தவறும் இக்கேள்விகளுக்கான விடைகளை இக்கட்டுரை விளக்குகிறது.

வீட்டுக்காகவே பிறந்த ஓவியங்கள்

அருங்காட்சியகத்தில் இருக்க வேண்டிய ஓவியத்தை வரவேற்பறையில் மாட்டுவது அதன் மதிப்பைக் குறைக்கும் செயல் என்று கருதுவோர் உண்டு. வரலாறு இதற்கு நேர்மாறானது. மறுமலர்ச்சிக் காலத்தில் சமய ஓவியங்கள் பெரும்பாலும் தேவாலயங்களுக்காகத் தீட்டப்பட்டன. புராண ஓவியங்களோ பெரும்பாலும் செல்வந்தர்களின் மாளிகைகளுக்காகவும் படுக்கையறைகளுக்காகவும் திருமணச் சீர்வரிசைக்காகவும் உருவாயின.

சாண்ட்ரோ போட்டிச்செல்லி 1480ஆம் ஆண்டையொட்டித் தீட்டிய 'பிரிமாவெரா' எனும் வசந்த ஓவியம் இதற்குத் தக்க சான்று. ஃபுளோரன்ஸ் நகரின் மெடிசி குடும்பத்தைச் சேர்ந்த லொரென்சோ டி பியர்ஃபிரான்செஸ்கோவின் வீட்டில் இருந்த உடைமைகளைப் பற்றி 1499இல் எடுக்கப்பட்ட பட்டியல் ஒன்று கிடைத்துள்ளது. அதன்படி, அவருடைய படுக்கையறையை அடுத்த அறையில், முதுகுச் சாய்வு கொண்ட மரக் கட்டில் ஒன்றுக்கு மேலே இந்த ஓவியம் இருந்தது. போட்டிச்செல்லியின் மற்றொரு படைப்பான 'பல்லாஸும் சென்டாரும்' அதே அறையின் கதவுக்கு மேலே இருந்தது. இன்று உஃபிஸி அருங்காட்சியகத்தில் உலகமே திரண்டு வந்து காணும் ஓவியம், அன்று அறைக்கலனுக்கு மேல் மாட்டப்பட்ட வீட்டு அலங்காரம்.

லண்டன் தேசிய ஓவியக் கூடத்தில் உள்ள போட்டிச்செல்லியின் 'வீனஸும் மார்ஸும்' மேலும் சுவையானது. உயரம் 69 செ.மீ., அகலம் 173 செ.மீ. என நீண்டு கிடக்கும் அதன் வடிவத்தைக் கொண்டு, இருக்கை அல்லது பேழையின் பின்பலகையாக அது செய்யப்பட்டிருக்கலாம் என அறிஞர்கள் கருதுகின்றனர். ஃபெராரா நகரின் கோமகன் அல்ஃபோன்சோ டி எஸ்தேயோ தம் தனியறை ஒன்றை அலங்கரிப்பதற்காகவே ஜொவான்னி பெல்லினியிடமும் டிஷியனிடமும் புராண ஓவியங்களைப் பெற்றார். அந்த ஓரறையின் ஓவியங்கள் இன்று வாஷிங்டன், லண்டன், மாட்ரிட் என மூன்று நகரங்களில் பிரிந்து கிடக்கின்றன.

பிரதியும் அன்றே தொடங்கியது

ஓவியத்தை அச்சிட்டு விற்பதும் இக்காலத்துக் கண்டுபிடிப்பன்று. ரோமில் ராஃபேல் புகழின் உச்சியில் இருந்தபோதே, மார்க்கன்டோனியோ ரைமொண்டி என்பவர் ராஃபேலின் வடிவமைப்புகளைச் செப்புத் தகட்டில் செதுக்கி அச்சிட்டு வந்தார். 1510களில் அவ்வாறு உருவான 'பாரிஸின் தீர்ப்பு' எனும் புராணக் காட்சி ஐரோப்பா முழுவதும் பரவியது. ராஃபேல் அதை ஓவியமாகத் தீட்டியதில்லை. அச்சுப் பிரதியாக மட்டுமே அது உலகுக்குத் தெரியும். மூன்றரை நூற்றாண்டுகளுக்குப் பின், 1863இல் பிரெஞ்சு ஓவியர் எடுவார் மனே தம் புகழ்பெற்ற 'புல்வெளியில் மதிய உணவு' ஓவியத்தின் மனித உருவங்களை அமைத்தது இந்த அச்சுப் படத்தின் ஒரு மூலையைப் பார்த்துத்தான்.

டிஷியனும் இத்தொழிலின் ஆதாயத்தையும் ஆபத்தையும் நன்கு உணர்ந்திருந்தார். கொர்னேலிஸ் கோர்ட் எனும் செதுக்குக் கலைஞரைக் கொண்டு தம் ஓவியங்களை அச்சுப் படங்களாக வெளியிட்ட அவர், அவற்றைப் பிறர் போலியாக அச்சிடாதிருக்க வெனிஸ் அரசிடம் தனியுரிமை கோரினார். 1567இல் அது வழங்கப்பட்டது. 'டயானாவும் கலிஸ்டோவும்' எனும் புராணக் காட்சியும் அவ்வாறு அச்சில் வெளிவந்தவற்றுள் ஒன்று. படத்தின் உரிமை யாருக்கு என்ற வழக்கின் வயது நான்கரை நூற்றாண்டைத் தாண்டிவிட்டது.

புராண ஓவியத்தை அச்சுப் பிரதியாக வீட்டில் வைக்கும் வழக்கத்தை இந்தியாவுக்கு எவரும் கற்றுத்தர வேண்டியதில்லை. ராஜா ரவி வர்மா 1894இல் மும்பையின் காட்கோபரில் தொடங்கிய கல் அச்சுக்கூடம், ஜெர்மானிய இயந்திரங்களையும் தொழில்நுட்ப வல்லுநர்களையும் கொண்டு லட்சுமி, சரஸ்வதி, சகுந்தலை உருவங்களை வண்ணப் படங்களாக்கி இல்லந்தோறும் கொண்டு சேர்த்தது. அரண்மனைச் சுவரிலிருந்து எளியோரின் சுவருக்குப் புராணம் இறங்கி வந்த வழி இரு நாடுகளிலும் ஒன்றே.

படம் யாருக்குச் சொந்தம்?

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957இன்படி ஓவியத்தின் மீதான பதிப்புரிமை, படைத்தவரின் வாழ்நாள் முழுவதும், அவர் மறைந்த பின் 60 ஆண்டுகளும் நீடிக்கும். போட்டிச்செல்லி 1510இலும் டிஷியன் 1576இலும் மறைந்தனர். எனவே அவர்களுடைய ஓவியங்கள் பதிப்புரிமை கடந்த பொதுச் சொத்து. வாங்குவோருக்கும் அச்சிடுவோருக்கும் அந்த வகையில் தடையில்லை.

சிக்கல் எழுவது ஓவியத்தில் அன்று, அதன் நிழற்படத்தில்தான். ஓவியம் பழையது, அதைப் படமெடுத்தவர் நேற்றைய மனிதர். அப்படத்துக்குத் தனிப் பதிப்புரிமை உண்டா என்ற கேள்வியை 1999இல் நியூயார்க் நீதிமன்றம் ஒன்று ஆராய்ந்து, பொதுச் சொத்தாகிவிட்ட ஓவியத்தை அப்படியே நகலெடுக்கும் நிழற்படத்தில் புதிய படைப்பு ஏதுமில்லை என்பதால் அதற்குப் பதிப்புரிமை இல்லை எனத் தீர்ப்பளித்தது. ஐரோப்பிய ஒன்றியமும் 2019ஆம் ஆண்டுப் பதிப்புரிமை நெறிமுறையின் 14ஆம் பிரிவில் இதே கொள்கையை ஏற்றது.

இத்தாலி மட்டும் வேறொரு பாதையில் செல்கிறது. 2004ஆம் ஆண்டின் பண்பாட்டுச் சொத்துச் சட்டத் தொகுப்பின்படி, அரசு அருங்காட்சியகங்களில் உள்ள கலைப்பொருளின் உருவத்தை வணிக நோக்கில் பயன்படுத்த அனுமதி பெற வேண்டும். கட்டணமும் செலுத்த வேண்டும். பதிப்புரிமை முடிந்து எத்தனை நூற்றாண்டு ஆகியிருந்தாலும் இது பொருந்தும். போட்டிச்செல்லியின் 'வீனஸின் பிறப்பு' ஓவியத்தை அனுமதியின்றி ஆடைகளில் அச்சிட்டதாக, பிரெஞ்சு ஆடை நிறுவனமான ழான் பால் கோதியே மீது சட்ட நடவடிக்கை எடுப்பதாக உஃபிஸி 2022 அக்டோபரில் அறிவித்தது. அதே ஆண்டில், லியொனார்டோ டா வின்சியின் 'விட்ருவிய மனிதன்' ஓவியத்தைப் புதிர் விளையாட்டு அட்டைகளில் பயன்படுத்திய ஜெர்மானிய நிறுவனமான ராவன்ஸ்பர்கருக்கு வெனிஸ் நீதிமன்றம் தடை விதித்தது. ஆனால், இத்தாலியின் இச்சட்டம் அந்நாட்டு எல்லைக்கு வெளியே செல்லாது என ஜெர்மனியின் ஷ்டுட்கார்ட் நீதிமன்றம் 2024 மார்ச்சில் தீர்ப்பளித்தது.

இதில் ஒரு முரணும் உண்டு. உஃபிஸி தன் வீனஸுக்காக வழக்காடிய அடுத்த ஆண்டே, இத்தாலியச் சுற்றுலா அமைச்சகம் அதே வீனஸுக்கு நவீன உடை அணிவித்து, பீட்சா உண்ணும் சமூக ஊடகப் பிரபலமாகச் சித்திரித்து விளம்பரம் வெளியிட்டது. கலையின் கண்ணியத்தைக் காப்பதே சட்டத்தின் நோக்கமென்றால் இது என்ன நியாயம் என்ற கேள்வி இத்தாலிக்குள்ளேயே எழுந்தது.

இந்திய வாசகருக்கு இதில் கிடைக்கும் தெளிவு எளிமையானது. பிரதியை வாங்கி வீட்டில் மாட்டுவதில் சட்டச் சிக்கல் இல்லை. இத்தாலிய அரசு அருங்காட்சியக ஓவியங்களை அச்சிட்டு இத்தாலியில் விற்க முனையும் வணிகரே எச்சரிக்கையாக இருக்க வேண்டும். ஐயத்துக்கே இடமின்றிப் படம் பெற விரும்புவோருக்கு வேறொரு வழியும் உண்டு. வாஷிங்டன் தேசியக் கலைக்கூடம், நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் ஆகியவை பதிப்புரிமை கடந்த தம் படைப்புகளின் உயர்தரப் படங்களை எவரும் எந்த நோக்கத்துக்கும் கட்டணமின்றிப் பயன்படுத்தத் திறந்துவிட்டுள்ளன. அல்ஃபோன்சோவின் அறையில் இருந்த பெல்லினியின் 'தேவர்களின் விருந்து' வாஷிங்டனிலும், பாவ்லோ வெரோனேசேயின் 'காதலால் இணைந்த மார்ஸும் வீனஸும்' நியூயார்க்கிலும் உள்ளன. அவற்றைப் பதிவிறக்கி, உள்ளூரில் தரமான அச்சகத்தில் கொடுத்தே பிரதி எடுத்துக்கொள்ளலாம்.

எட்டில் ஒரு பங்கு எங்கே போயிற்று?

மலிவான பிரதிகளில் நிகழும் முதல் இழப்பு நிறத்தில் அன்று, விகிதத்தில். 'வீனஸின் பிறப்பு' 172.5 செ.மீ. உயரமும் 278.5 செ.மீ. அகலமும் கொண்டது. அகலம் உயரத்தைப் போல் ஏறத்தாழ 1.6 மடங்கு. சந்தையில் பரவலாகக் கிடைக்கும் ஏ2 அளவுத் தாளின் அகலமோ உயரத்தைப் போல் 1.4 மடங்கு மட்டுமே.

எனவே அச்சிடுபவருக்கு இரண்டே வழிகள். ஓவியம் முழுவதையும் வைத்து மேலும் கீழும் வெள்ளை விளிம்பு விடலாம். அல்லது தாளை நிரப்புவதற்காக ஓவியத்தின் பக்கவாட்டை வெட்டலாம். இரண்டாவது வழியில் ஓவியத்தின் எட்டில் ஒரு பங்கு காணாமற்போகும். இடப்புறம் வெட்டினால் வீனஸைக் கரைநோக்கி ஊதித் தள்ளும் காற்றுத் தெய்வம் சிதையும். வலப்புறம் வெட்டினால் போர்வையுடன் காத்திருக்கும் பருவத் தேவதை சிதைவாள். காற்றும் போர்வையும் இல்லாவிட்டால் கதையே இல்லை. சிப்பியில் ஒரு பெண் நிற்பது மட்டுமே மிஞ்சும். வெள்ளை விளிம்புடன் கூடிய பிரதியே இங்கு நேர்மையானது.

அளவையும் எண்ணிப் பார்க்க வேண்டும். ஏ2 தாளில் முழுமையாக அச்சிடப்பட்ட வீனஸைப் போல் 22 படங்களை அடுக்கினால்தான் மூல ஓவியத்தின் பரப்பு நிறையும். அத்தனை பெரிய படைப்பைக் கையகலத்துக்குச் சுருக்கும்போது நுட்பங்கள் மறைவது இயல்பு. ஆகவே சிறிய சுவர் உள்ளோர், இயல்பிலேயே சிறிய ஓவியங்களைத் தேர்ந்தெடுப்பது அறிவுடைமை. நீள இருக்கைக்கு மேலுள்ள கிடைமட்டச் சுவருக்கு 'வீனஸும் மார்ஸும்' இயல்பாகப் பொருந்தும். அத்தகைய இடத்துக்காகவே அது பிறந்திருக்கக்கூடும் என்பதை முன்னரே கண்டோம்.

படக் கோப்பின் தரமும் இங்கே முக்கியம். அருகில் நின்று பார்க்கும் அச்சுப் படத்துக்கு அங்குலத்துக்கு 300 பிக்சல் என்பது பொதுவான அளவுகோல். அதன்படி ஏ2 தாளை நிரப்ப ஏறத்தாழ 7,000 பிக்சல் அகலமும் 5,000 பிக்சல் உயரமும் கொண்ட படம் தேவை. இணையத்தில் எளிதாகக் கிடைக்கும் 1,200 பிக்சல் படத்தை அதே அளவுக்குப் பெருக்கினால் அங்குலத்துக்குச் சுமார் 50 பிக்சல்தான் தேறும். முகங்கள் மங்கி, மலரிதழ்கள் திட்டுகளாகிவிடும்.

எந்த நிறம் சரியான நிறம்?

ஒரே ஓவியத்தின் பிரதி ஒரு கடையில் பழுப்பேறியும் மற்றொன்றில் பளிச்சென்றும் இருப்பதற்கு அச்சுக்கலை மட்டுமே காரணமன்று. மூல ஓவியங்களின் நிறமே காலந்தோறும் மாறி வந்துள்ளது. மேற்பூச்சு மெருகு பழுக்கப் பழுக்க ஓவியம் மஞ்சளாகவும் கருமையாகவும் தோன்றும். 1980களின் தொடக்கத்தில் 'பிரிமாவெரா' துப்புரவு செய்யப்பட்டபோது, இருண்ட புதர்போல் தெரிந்த புல்தரையில் எண்ணற்ற மலர்கள் வெளிப்பட்டன. அதற்கு முன் எடுத்த நிழற்படத்தைக் கொண்டு அச்சிட்ட பிரதியில் அந்த மலர்கள் மங்கலாகவே இருக்கும்.

லண்டனில் உள்ள டிஷியனின் 'பாக்கஸும் அரியாட்னேயும்' 1960களின் இறுதியில் துப்புரவு செய்யப்பட்டபோது, அதன் வானத்து நீலம் கண்ணைப் பறிப்பதாகச் சிலர் குறைகூறினர். அந்த நீலம் ஆப்கானிஸ்தானத்திலிருந்து வந்த நீலக்கல்லை அரைத்துச் செய்யப்பட்ட விலையுயர்ந்த நிறமி. எனவே, பழுப்பேறிய பிரதியே தொன்மையானது என்று எண்ண வேண்டியதில்லை. அருங்காட்சியகத்தின் தளத்தில் உள்ள அண்மைக் காலப் படத்துடன் விற்பனையாளரின் படத்தை ஒப்பிட்டுப் பார்ப்பதே சரியான சோதனை.

எந்த அச்சாலும் எட்ட முடியாத ஒன்றும் உண்டு. போட்டிச்செல்லி வீனஸின் கூந்தலில் பொன்னிழைகளைத் தீட்டியுள்ளார். பொன் ஒளியை வாங்கித் திருப்பி அனுப்பும். மஞ்சள் மை அவ்வாறு செய்யாது.

மையும் தாளும் மழைக்காலமும்

விலை வேறுபாட்டுக்கு முதன்மைக் காரணம் மையும் தாளும்தான். சாய மை தொடக்கத்தில் பொலிவாக இருந்தாலும் ஒளி பட்டு விரைவில் வெளிறும். நிறமி மை நெடுங்காலம் தாங்கும். அமிலமற்ற பருத்தித் தாள் பழுப்பேறாமல் நிலைக்கும். சாதாரண மரக்கூழ்த் தாள் சில ஆண்டுகளிலேயே மஞ்சளாகும்.

விளம்பரங்களில் காணப்படும் 'ஜீக்ளே' எனும் சொல்லைக் கண்டு மயங்க வேண்டியதில்லை. 1991இல் அமெரிக்காவில் உருவாக்கப்பட்ட இந்தப் பிரெஞ்சு ஒலிப்புச் சொல், இங்க்ஜெட் அச்சையே குறிக்கிறது. தரத்துக்கு அது உத்தரவாதமன்று. எந்த மை, எந்தத் தாள் என்று கேட்டே அறிய வேண்டும். 'வரையறுக்கப்பட்ட பதிப்பு' என்று எண்ணிட்டு, சான்றிதழுடன் கூடுதல் விலைக்கு விற்பதும் அவ்வாறே. வாழும் ஓவியர் கையொப்பமிட்டுத் தரும் பிரதிக்கு அந்த எண் பொருளுள்ளது. போட்டிச்செல்லியின் ஓவியத்தை அடுத்த தெருவில் இன்னொருவர் மேலும் ஆயிரம் பிரதிகள் அச்சிடுவதை எந்தச் சான்றிதழும் தடுக்காது.

கித்தான் துணியில் அச்சிட்டால் ஓவியம் போலவே இருக்கும் என்ற எண்ணமும் பரவலாக உள்ளது. 'வீனஸின் பிறப்பு', டிஷியனின் பெரும்பாலான படைப்புகள் ஆகியவற்றுக்கு இது பொருந்தும். அவை கித்தானில் தீட்டப்பட்டவை. 'பிரிமாவெரா', 'வீனஸும் மார்ஸும்' ஆகியவையோ வழவழப்பான மரப்பலகையில் தீட்டப்பட்டவை. அவற்றுக்கு மென்மையான, பளபளப்பற்ற தாளே ஏற்றது.

இந்தியத் தட்பவெப்பம் அச்சுப் படத்துக்குக் கடுமையான சோதனை. தாளில் உள்ள படைப்புகளை அருங்காட்சியகங்கள் 50 லக்ஸ் அளவிலான மங்கிய ஒளியில்தான் காட்சிக்கு வைக்கின்றன. நேரடி வெயிலின் அளவு ஒரு லட்சம் லக்ஸை எட்டும். ஆகவே சன்னலுக்கு எதிரிலுள்ள சுவரைத் தவிர்ப்பது நல்லது. கண்ணாடியில் தாள் நேரடியாக ஒட்டினால் மழைக்கால ஈரத்தில் பூஞ்சை படியும். இடையில் அட்டை விளிம்பு வைத்துச் சட்டமிட்டால் காற்றோட்டம் இருக்கும். சட்டத்தின் பின்புற மூலைகளில் சிறு ரப்பர் வில்லைகளை ஒட்டிச் சுவரிலிருந்து சற்று விலக்கி வைப்பது, கடலோர நகரங்களில் மிகவும் தேவையான முன்னெச்சரிக்கை. கழிவறையை ஒட்டிய ஈரச் சுவர் எந்தப் படத்துக்கும் உகந்ததன்று.

கதையறிந்து மாட்டுதல்

இவ்வோவியங்கள் பலவற்றின் ஊற்று, ரோமானியக் கவிஞர் ஓவிட் எழுதிய புராணக் கதைகள். அழகிய வண்ணங்களுக்குப் பின்னால் அவற்றில் காதலும் உண்டு, வன்முறையும் உண்டு. 'பிரிமாவெரா'வின் மையத்தில் வீனஸ் நிற்கிறாள். தலைக்கு மேல் நம் மன்மதனை நினைவூட்டும் கியூபிட், கண்கள் கட்டப்பட்ட நிலையில் அம்பு தொடுக்கிறான். வலப்புற விளிம்பில் நீலநிறக் காற்றுத் தெய்வமான செஃபிரஸ், தப்பி ஓடும் குளோரிஸ் எனும் வனதேவதையைப் பிடிக்கிறான். அவளே பின்னர் மலர்த் தெய்வமான ஃபுளோராவாக மாறுகிறாள். திருமண வீட்டுக்காகத் தீட்டப்பட்டதாகப் பலர் கருதும் ஓவியத்தில் இக்காட்சி இருப்பது, அக்காலச் சமூகம் திருமணத்தை எவ்வாறு கண்டது என்ற கேள்வியை எழுப்புகிறது.

ஸ்பெயின் மன்னர் இரண்டாம் ஃபிலிப்புக்காக டிஷியன் தீட்டிய ஆறு புராண ஓவியங்களுள் ஒன்றான 'யூரோப்பா', வெள்ளைக் காளையாக உருமாறிய ஜூப்பிட்டர் ஓர் இளவரசியைக் கடத்திச் செல்லும் காட்சி. சிதறிக் கிடந்த அந்த ஆறு ஓவியங்களும் 2021இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஒன்றாகக் காட்சிக்கு வைக்கப்பட்டபோது, கண்காட்சியின் தலைப்பிலேயே பெண்கள், புராணம், அதிகாரம் ஆகிய மூன்று சொற்களும் இடம்பெற்றன. கலையின் மேன்மையைப் போற்றும்போதே அதன் பொருளையும் எதிர்கொள்ள வேண்டும் என்ற புரிதலின் வெளிப்பாடு அது. குழந்தைகள் வளரும் வீட்டில், 'இந்தப் படத்தில் என்ன நடக்கிறது?' என்ற கேள்வி ஒருநாள் வந்தே தீரும். விடை தெரிந்த படத்தை மாட்டுவது நல்லது.

ஆடையற்ற உருவங்களைக் கூடத்தில் மாட்டத் தயங்குவோருக்கும் தேர்வுகள் உண்டு. ஆலிவ் கொடிகள் சுற்றிய மெல்லிய ஆடையுடன், அடங்காத சென்டாரின் தலைமுடியைப் பற்றி நிற்கும் பல்லாஸின் ஓவியம் அவற்றுள் ஒன்று. வட ஐரோப்பிய மறுமலர்ச்சியைச் சேர்ந்த 'இக்காரஸின் வீழ்ச்சி' மற்றொன்று. பீட்டர் புருகல் பெயரில் வழங்கும் இவ்வோவியம் பிரஸ்ஸல்ஸ் நகரில் உள்ளது. மெழுகுச் சிறகு உருகிக் கடலில் விழும் சிறுவனின் கால்கள் மட்டும் ஒரு மூலையில் தெரிகின்றன. உழவன் உழுதுகொண்டிருக்கிறான், கப்பல் சென்றுகொண்டிருக்கிறது. 73.5 செ.மீ. உயரமும் 112 செ.மீ. அகலமும் கொண்ட இதனை 90 செ.மீ. அகலத்தில் அச்சிட்டால், மூலத்தின் ஐந்தில் நான்கு பங்கு அளவே கிடைத்துவிடும். விகிதமும் வழக்கமான சட்டங்களுக்கு ஏறத்தாழப் பொருந்தும்.

இதில் இன்னொரு சிறப்பும் உண்டு. பிரஸ்ஸல்ஸில் இருப்பதே புருகலின் தொலைந்துபோன மூலத்தைப் பார்த்துத் தீட்டிய பழைய பிரதியாக இருக்கலாம் என்று அறிஞர் பலர் கருதுகின்றனர். அவ்வாறாயின், அந்தக் கதை நம்மை வந்தடைந்ததற்கே ஒரு பிரதிதான் காரணம்.

வாங்கும் முன் கேட்க வேண்டிய ஐந்து கேள்விகள்

• ஓவியம் முழுமையாக உள்ளதா, ஓரங்கள் வெட்டப்பட்டுள்ளனவா? மூல அளவை அருங்காட்சியகத் தளத்தில் பார்த்து விகிதத்தை ஒப்பிடலாம்.

• படக் கோப்பு எங்கிருந்து பெறப்பட்டது? எத்தனை பிக்சல்? ஓவியம் துப்புரவு செய்யப்பட்ட பின் எடுத்த படமா?

• நிறமி மையா, சாய மையா? தாள் அமிலமற்றதா?

• மூல ஓவியம் மரப்பலகையிலா, கித்தானிலா, சுவரிலா? அதற்கேற்ற பரப்பில் அச்சிடப்பட்டுள்ளதா?

• படம் சொல்லும் கதை என்ன? அந்தக் கதையுடன் அன்றாடம் வாழ வீட்டார் அனைவருக்கும் சம்மதமா?

முதல் நான்கு கேள்விகளுக்கு விற்பனையாளர் விடை தர வேண்டும். விடை தராதவரிடம் கூடுதல் விலை கொடுக்க வேண்டியதில்லை. ஐந்தாவது கேள்விக்கான விடையை வீட்டார்தான் ஒன்றாக அமர்ந்து தேட வேண்டும்.